நொடியின் கூறும் நோயாளியின் பொழுதும்

தமிழிலக்கணம் பயில்வோர் முதன்முதற் கற்கும் அளவைகளுள் மாத்திரை என்பது ஒன்று. மாந்தர் இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதும், கைவிரல் நொடிக்கும் பொழுதும் அதற்கு எல்லையெனத் தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்தில் வரையறுத்துப் போந்தார். பிறிதொரு கருவி வேண்டாது உடம்பையே கருவியாகக் கொண்டு காலத்தை அளந்த அத்திறத்தை வியந்து பயின்ற யாம், அதனினும் நூறு கோடி மடங்கு நுண்ணியதோர் அளவையைப் பற்றி இவ்வாண்டு எண்ண நேர்ந்தது. நேர்ந்த இடம் நூலகம் அன்று, மருத்துவமனைத் தாழ்வாரம்.

எம் அத்தையார் பள்ளியாசிரியையாயிருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு அவருக்கு நிணநீர்க் கணுக்களிற் புற்றுநோய் கண்டது. பல திங்கள் மருந்தேற்றி முடிந்தபின், நோய் அற்றதோ, எஞ்சியுள்ளதோ என்று அறியும்பொருட்டுப் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டுமென மருத்துவர் கூறினர். யாம் துணைக்குச் சென்றோம். ஆறு மணி நேரம் உணவின்றி இருந்து, கதிர்மருந்தை ஊசியால் ஏற்றிக்கொண்டு, பேசாமலும் நடவாமலும் தனியறையில் ஒரு மணி நேரம் கிடந்து, அதன் பின்னரே அவர் பொறியினுட் புகுந்தார். புகுந்தபின் இரு கைகளையும் தலைக்கு மேல் நீட்டிய வண்ணம் 20 நிமிடம் அசையாதிருத்தல் வேண்டும். இளைஞராகிய நமக்கு அஃது எளிது. முதுகெலும்பு தேய்ந்த அறுபத்தேழு வயது மாதுக்கு அஃது எளிதன்று. காலத்தைக் கழிப்பதற்காக இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மனத்துள் ஓதத் தொடங்கினாராம். ஒன்பதாம் முறை ஓதும்போது இடுப்புவலி பொறாது சற்றே புரண்டுவிட்டார். படத்திற் கல்லீரலின் மேல் விளிம்பருகே மங்கலான புள்ளியொன்று தோன்றிற்று. நோயின் எச்சமோ, உடல் அசைந்ததால் வந்த மயக்கமோ என்று துணிதற்கு இயலாமையால், ஏழு நாள் கழித்து மீண்டும் வருமாறு பணித்தனர். மீண்டும் பட்டினி, மீண்டும் ஊசி, மீண்டும் இருபது நிமிடம். இம்முறை பல்லைக் கடித்துக்கொண்டு அசையாது கிடந்தார், புள்ளி இல்லை. இடையே கழிந்த அந்த ஏழு இரவுகளும் எங்கள் வீட்டில் விளக்கணையவில்லை.

இதனை விடுதியில் எம்முடன் உறையும் பௌதிக மாணவர் ஒருவரிடம் உரைத்தோம். அவர், “இருபது நிமிடம் வேண்டியிருப்பதற்குக் காரணம் அறிவீரா? அப்பொறி நொடியைப் போதிய அளவு நுணுக்கமாகப் பகுக்கமாட்டாமையே” என்றார். அருகிருந்த பொருளியல் மாணவரோ, “நொடியைப் பகுப்பதெல்லாம் விஞ்ஞானிகள் தமக்குள் நடத்தும் ஓட்டப்பந்தயம், இருக்கும் பொறிகளையே இன்னும் பல ஊர்களில் வைத்தாற் போதாதா?” என்று மறுத்தார். அன்றிரவு தொடங்கிய வழக்கு இத்தாள் அச்சேறும் வரையில் முடியவில்லை. எம் கருத்து இருவர் கருத்துக்கும் இடைப்பட்டது. நொடியைப் பகுக்கும் முயற்சி வீண் அன்று. அது நோயாளிக்கு மிக வேண்டுவது. ஆனால் அதன் பயன் அழகிய படமாக ஏட்டில் ஏறுவதைக் காட்டிலும், குறைந்த பொழுதாகவும் குறைந்த கதிராகவும் நோயாளியின் உடம்பிற் சேருதல் வேண்டும். அன்றியும், ஓர் உணரி எத்துணை விரைவுடையது என்னும் ஓரெண்ணைக் கொண்டே அதன் தகுதியை அளத்தலும் பிழை. இவற்றை நிறுவுதற்கு அப்பொறியின் இயல்பைச் சிறிது கூறல் வேண்டும்.

ஊசியில் ஏற்றப்படுவது குளுக்கோஸ் என்னும் சர்க்கரையை ஒத்த ஒரு பொருள். அதனோடு ஃபுளூரின்-18 என்னும் கதிரியக்க அணு பிணைக்கப்பட்டிருக்கிறது. அஃது ஏறத்தாழ 110 நிமிடத்திற் பாதியாய்த் தேய்வது. பெரும்பாலான புற்றுக்களின் உயிரணுக்கள் பெரும்பசியுடையன வாதலின், பிற உயிரணுக்களினும் மிகுதியாகச் சர்க்கரையைக் கவர்ந்துகொள்ளும். அங்ஙனம் தங்கிய ஃபுளூரின் பாசிட்ரான் என்னும் துகளை உமிழும். 1932-இல் கார்ல் ஆண்டர்சன் விண்கதிர்களிடையே கண்ட துகள் இதுவே. எலெக்ட்ரானுக்கு எதிரான இத்துகள் அருகிலுள்ள ஓர் எலெக்ட்ரானைக் கூடியவுடன் இரண்டும் மாய்ந்து, இரண்டு காமாக்கதிர்களாய் மாறும். ஒவ்வொன்றும் 5,11,000 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு, ஏறத்தாழ ஒன்றற்கொன்று நேரெதிரான திசையில் ஓடும். நோயாளியைச் சூழ வளையமாய் அடுக்கப்பட்ட உணரிகளுள் எதிரெதிரே உள்ள இரண்டு ஒரே காலத்திற் கதிரை உணர்ந்தால், அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ ஓரிடத்தில் அம்மாய்வு நிகழ்ந்ததென்று பொறி குறித்துக்கொள்ளும். இத்தகைய கோடுகள் பல கோடி சேர்ந்தே படமாகும்.

மேலே யாம் கூறிய ‘எங்கோ’ என்னும் சொல்லில்தான் வழக்கெல்லாம் அடங்கியிருக்கிறது. மாய்வு கோட்டின் நடுவில் நிகழ்ந்தால் இரு கதிரும் ஒருங்கே சென்று சேரும். ஒரு பக்கம் அணுகி நிகழ்ந்தால் அப்பக்கத்துக் கதிர் முந்தும். எவ்வளவு முந்திற்று என்று அளக்க முடியுமாயின், கோட்டின்மேல் எவ்விடம் என்பதும் புலப்படும். ஆனால் காமாக்கதிரின் வேகம் ஒளியின் வேகம். நொடியை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு நானோ நொடி. அந்த ஒரு நானோ நொடியில் ஒளி 30 சென்டிமீட்டர் ஓடிவிடுகிறது. நொடியை இலட்சங் கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு பிக்கோ நொடி. அதில் ஒளி ஓடுவது மூன்றிலொரு மில்லிமீட்டருக்குங் குறைவு. (ஈண்டு விநாடி என்று எழுதாமல் நொடி என்றே யாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பழைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம்; அதன் அறுபதிலொரு கூறாகிய விநாடி 24 நொடி. விநாடியென்று எழுதினால் எம் பேராசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவார்.) கதிர்கள் இருபுறமும் ஓடுவதால் பிழை பாதியாகும். ஆதலின் 400 பிக்கோ நொடி நுட்பமுடைய பொறி, மாய்ந்த இடத்தை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் எல்லைக்குள் காட்டும். 200 ஆனால் 3 சென்டிமீட்டர். 10 ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர். காலம் அளவாத பழம்பொறியோ, 40 சென்டிமீட்டர் அகலமுள்ள உடம்பில் முழுக்கோட்டையும் ஒரே சீராக மெழுகிவிட்டு, பல கோடுகள் வெட்டுமிடத்தைக் கணக்கால் தேடும். மெழுகும் நீளம் குறையுமளவிற்குப் படத்தின் இரைச்சலும் குறையும். இரைச்சல் குறையுமளவிற்குக் குறைந்த கதிர்களே போதியனவாம். காலநுட்பத்தின் எண்ணைப் பாதியாக்கினால், அதே தெளிவுக்கு ஏறத்தாழப் பாதிப் பொழுது போதும். எம் அத்தையார்க்கு இதன் பொருள், ஒன்பது சங்கீதத்துக்குப் பதிலாக நாலரைச் சங்கீதம்.

இனி, அந்நுட்பம் எவ்விடங்களிற் கெடுகிறது என்பதைக் காண்போம். எமக்கு இது விளங்கியது ஆற்றங்கரைப் படித்துறையை நினைத்தபோதுதான். வெள்ளம் எப்பொழுது தொடங்கிற்றென்று அறிய, கற்படியில் ஒரு குறி செதுக்கி, நீர் அக்குறியைத் தொட்ட நேரத்தைக் குறித்துக்கொள்வதாக எண்ணுவோம். பெருவெள்ளமும் சிறுவெள்ளமும் ஒரே நேரத்திற் புறப்பட்டிருந்தாலும், பெருவெள்ளம் குறியை முந்தித் தொடும். சிறுவெள்ளம் பிந்தித் தொடும். குறி ஒன்றே, தொடக்கம் ஒன்றே; ஆயினும் நேரம் வேறாகத் தோன்றும். உணரியின் மின்குறிப்பிலும் இப்பிழை உண்டு. அதனை நீக்குதற்கு வெள்ளத்தின் முழு உயரத்தையும் பின்னர் அளந்து கணக்கைத் திருத்துவர். அன்றி, நிலையான குறிக்கு மாறாக, அவ்வவ் வெள்ளத்தின் உச்சத்தில் இத்துணைப் பங்கு என்று குறியை அமைப்பர். இரண்டாவது பிழை அலை. நீர்மட்டத்தில் எப்பொழுதும் சிற்றலை உண்டு. வெள்ளம் சுவர்போல் எழுந்தால் அலையால் வரும் பிழை சிறிது. மெல்ல மெல்ல ஏறினால், அலையே குறியைப் பலமுறை தொட்டு நம்மை ஏமாற்றும். ஆகவே நேரப்பிழை என்பது அலையின் உயரத்தை ஏற்றத்தின் செங்குத்தால் வகுத்தது. உணரியை விரைவாக்கும் தொழில் முழுதும் இவ்விரண்டில் அடங்கும்: இரைச்சலைத் தணித்தல், ஏற்றத்தைச் செங்குத்தாக்குதல்.

இன்றைய பெட் பொறிகளிற் காமாக்கதிரை முதலில் தாங்குவது ஒரு படிகம். லுட்டீஷியம் சேர்ந்த படிகம் கதிர் பட்டவுடன் பல்லாயிரம் ஒளித்துகள்களை உமிழும். அவ்வொளி ஏறத்தாழ 40 நானோ நொடியில் தணியும். அதனை முன்னாளில் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் உணர்ந்தன. இப்பொழுது புதிய பொறிகளில் அவ்விடத்தைச் சிலிக்கன் என்னும் குறைகடத்தி கைப்பற்றிக்கொண்டது. நகத்தளவான சிலிக்கன் தகட்டில் ஆயிரக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வோரறையும் உடையும் எல்லைக்குச் சற்று மேற்பட்ட மின்னழுத்தத்தில் விளிம்பிலே நிற்கும். ஒரே ஓர் ஒளித்துகள் விழுந்தாலும் அவ்வறையில் எலெக்ட்ரான்கள் மலைச்சரிவுபோற் பெருகி ஒரு மின்குறிப்பாக எழும். உடனே அதனைத் தணிக்கும் தடையும் அறையிலேயே உண்டு. குழாயைப்போலன்றிக் காந்தப்புலத்துக்கு இது கலங்காதாகலின், எம்.ஆர்.ஐ. பொறியோடும் இணைந்திருக்க வல்லது. 2018-இல் வந்த ஒரு பெரிய நிறுவனத்தின் பொறி, இத்தகைய சிலிக்கன் உணரிகளால் 214 பிக்கோ நொடியை எட்டியது.

சிலிக்கனிலும் குறைகள் இல்லாமலில்லை. துகள் அறையின் நடுவில் விழுவதற்கும் விளிம்பில் விழுவதற்கும் சிறு கால வேறுபாடு உண்டு. அறைகள் யாவும் ஒரே கம்பியில் இணைந்திருத்தலின், ஓரறையின் குறிப்பு மற்றை அறைகளின் மின்தேக்கத்திற் கரைந்து, செங்குத்தாக எழவேண்டிய வெள்ளம் சரிவாகிவிடுகிறது. அழுத்தத்தை உயர்த்தினால் விரைவு மிகும். உடனே ஒளியின்றியே அறைகள் தாமாக வெடிக்கும் பொய்க்குறிப்புகளும் மிகும். ஒவ்வோரறைக்கும் தனிக்கடிகாரம் வைப்போரும், மிகுவிரைவுப் பெருக்கிகளை இணைப்போரும் உளர். ஆய்வுச்சாலையில் ஓரிணை உணரிக்கு அப்பெருக்கிகள் வியத்தகு பயன் தருகின்றன. ஆனால் பல்லாயிரம் உணரிகள் கொண்ட வளையத்தில் அவை உண்ணும் மின்சாரமும் உமிழும் வெப்பமும் தனியொரு சிக்கலாம்.

படிகமும் ஒளியும் இன்றிக் குறைகடத்தியே காமாக்கதிரை நேராக உணரலாகாதா என்று வினவுவார்க்கு விடை: உணரும், ஆற்றலை அளப்பதில் மிகச் சிறப்பாகவே உணரும். காட்மியமும் துத்தநாகமும் தெல்லூரியமும் சேர்ந்த குறைகடத்தி இதயத்தைப் படமெடுக்கும் கருவிகளில் ஏற்கெனவே பயன்படுகிறது. ஆயின் காலத்தில் அது மந்தம். கதிர் பட்ட இடத்திற் பிறக்கும் மின்னூட்டங்கள் இருமுனைக்கும் நடந்து செல்லல் வேண்டும். சென்டிமீட்டருக்கு ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் எலெக்ட்ரான் ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒரு மைக்ரோ நொடி, அதாவது பத்து இலட்சம் பிக்கோ நொடி ஆகும். எலெக்ட்ரான் நீங்கிய வெற்றிடமாகிய நேர்மின் துளையோ அதனினும் பன்மடங்கு மெதுவாக நடந்து, வழியிற் பல சிக்குண்டும் போகும். கதிர் எவ்வாழத்திற் பட்டது என்பதற்கேற்பக் குறிப்பின் வடிவமே மாறும். இதற்குச் செய்யும் மருந்துகளுள் எமக்கு மிகவும் பிடித்தது எளியது ஒன்று: தகட்டை மெல்லியதாக்கி, கதிர் அதன் முகத்திற் படாமல் விளிம்பிற் படும்படி நிறுத்துதல். கதிர் கடக்கும் வழி நீளமாகவே இருக்கும். மின்னூட்டம் நடக்கும் வழி மட்டும் குறுகும். மற்றொன்று அழகியது. தாலியம் புரோமைடு என்னும் குறைகடத்தி ஒளி ஊடுருவுவது. காமாக்கதிர் தள்ளிய எலெக்ட்ரான் அதனுள் ஒளியினும் விரைவாக ஓடுங்கால் செரங்கோவ் ஒளி என்னும் மெல்லிய நீலவொளி உடனே தோன்றும். அதனைச் சிலிக்கன் உணரியாற் கண்டு காலத்தையும், மின்னூட்டத்தாற் கண்டு ஆற்றலையும் இடத்தையும் அளக்க முயன்ற கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், நேரடிக் குறைகடத்தியின் மந்தத்தைச் சில நூறு பிக்கோ நொடிக்குக் கொணர்ந்துள்ளனர். மந்தமானதென்று ஒதுக்கப்பட்ட பொருளுக்குள்ளேயே விரைவானதொரு குறிப்பும் மறைந்திருந்தது.

நிற்க. செர்னில் நெடுங்காலம் பணியாற்றிய பால் லெகோக் முதலியோர் 10 பிக்கோ நொடி என்னும் இலக்கை அறைகூவலாகவே உலகின்முன் வைத்துள்ளனர். 2021-இல் ஜப்பானியரும் அமெரிக்கரும் கூடி, செரங்கோவ் ஒளியைக் கொண்டு 32 பிக்கோ நொடியை எட்டி, கணக்கால் படத்தைத் தேடாமலே நேராகப் படம் பெறலாமென்று காட்டினர். அவர் கையாண்டது சிலிக்கன் அன்று, நுண்குழல் தகடு கொண்ட வெற்றிடக் குழாய். அறிவுக்கு அது பெருவிருந்து. ஆனால் அவ்வுணரிகள் கதிர்களிற் பெரும்பங்கைப் பிடியாமல் விட்டுவிட்டன. எம் நண்பரோடு யாம் மாறுபடுவது இங்கேதான். அவர் 32 என்னும் எண்ணைக் கண்டு குதிக்கிறார். யாம் எத்தனை கதிர் பிடிபட்டது என்று கேட்கிறோம்.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஆய்வுத்தாள்களிற் காணும் மிகச் சிறந்த எண்கள் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள படிகத்தில் எடுத்தவை. மருத்துவமனைப் பொறியில் 20 மில்லிமீட்டர் அளவினது வேண்டும். லுட்டீஷியப் படிகத்தில் 3 மில்லிமீட்டர் என்பது காமாக்கதிரில் நாலிலொரு பங்கிற்குங் குறைவாகவே தடுக்கும். பெட் முறைக்கோ இரு கதிரும் பிடிபடல் வேண்டும். ஆகவே நூறு இணையில் ஐந்தே தேறும். 20 மில்லிமீட்டரில் நூற்றுக்கு எண்பத்திரண்டு கதிர் தடைப்படும். நூறு இணையில் அறுபத்தெட்டு தேறும். எனவே குறும்படிகம் நெடும்படிகத்தினும் பதின்மூன்று மடங்கு விரைவுடையதாயினன்றி, இழந்த கதிர்களுக்கு ஈடாகாது. நீளப் படிகத்திலும் ஓர் இடர் உண்டு. அதனுள் ஒளி, காமாக்கதிரினும் மெதுவாகச் செல்கிறது. கதிர் உணரியினின்று சேய்மையிற் பட்டதா, அண்மையிற் பட்டதா என்று அறியாவிடின், அதனாலேயே ஐம்பது பிக்கோ நொடிக்கு மேற்பட்ட ஐயம் விளையும். படிகத்தின் இரு முனையிலும், அன்றிப் பக்கவாட்டிலும் உணரி பதித்து ஆழத்தை அறிவார் முயற்சி, எமக்கு எண்ணைக் குறைப்பார் முயற்சியினும் பெரிதாகத் தோன்றுவது இதனால்தான்.

இவ்வழக்கு புதியதும் அன்று. 1980-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முதலாயினோர், காலம் அளக்கும் பெட் பொறியைச் சீசியம் ஃபுளூரைடு என்னும் விரைவுப் படிகத்தாற் செய்தனர். விரைவு இருந்தது, ஒளியும், கதிரைத் தடுக்கும் ஆற்றலும் போதவில்லை. மந்தமானதாயினும் கதிரை நன்கு தடுக்கும் பிஸ்மத் ஜெர்மனேட் படிகமே அன்று வென்றது. காலம் அளக்கும் கொள்கை இருபது ஆண்டுகள் ஏறத்தாழ உறங்கிற்று. தடுப்பும் விரைவும் ஒருங்கமைந்த லுட்டீஷியப் படிகம் பிறந்த பின்னர், 2006-இல்தான் அக்கொள்கை வணிகப் பொறியாக மீண்டது. விரைவு ஒன்றையே தேடியவர்க்குக் காலமே கற்பித்த பாடத்தை, இன்று சிலிக்கனைக் கையிற் கொண்டோர் மறத்தல் ஆகாது.

இனிப் பொருளியல் நண்பர்க்கு விடை. பொறிகளைப் பெருக்கல் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் நொடியைப் பகுத்தலே பொறியைப் பெருக்குதற்கு வழியாகவும் கூடும் என்பதை அவர் காணவில்லை. ஒருவர்க்கு 20 நிமிடம் ஆகும் பொறியில் ஒரு நாளில் எத்தனை பேர் ஏறலாம், 10 நிமிடம் ஆயின் எத்தனை பேர் ஏறலாம் என்று அவரே கணக்கிடுக. ஊசி ஏற்றும் அறையும் காத்திருக்கும் படுக்கையும் அதற்கேற்பப் பெருகல் வேண்டும் என்பது உண்மையே; எனினும் கோடிக்கணக்கான விலையுள்ள பொறி வாளா கிடக்கும் பொழுது குறையும். மேலும், லுட்டீஷியம் அரிய மண்ணினின்று கிடைப்பது, விலை மிக்கது. பழைய பிஸ்மத் ஜெர்மனேட் அதனினும் மலிவு, கதிரைத் தடுப்பதில் அதனினும் சற்றுச் சிறந்தது. அதன் குறை, ஒளி 300 நானோ நொடி வரை மெல்லத் தணிவதே. ஆனால் அதிலும் ஒவ்வொரு காமாக்கதிருக்கும் ஏறத்தாழப் பதினேழு செரங்கோவ் ஒளித்துகள்கள் உடனடியாகத் தோன்றுகின்றன. பல்லாண்டு எவர் கண்ணுக்கும் பயன்படாதிருந்த அவற்றை, நீலவொளியை நன்குணரும் புதிய சிலிக்கன் உணரிகள் காணத் தொடங்கியுள்ளன. ஓரத்தில் ஒதுங்கிய மலிவான படிகம் மீண்டும் களத்துக்கு வருகிறது. இப்பதினேழு துகள்களைப் பிடிக்கும் தொழிலை ஓட்டப்பந்தயம் என்று நண்பர் எள்ளுதல் நேர்மையன்று.

பெற்ற நுட்பத்தை எவ்வழியிற் செலவிடுவது என்பதே இனி எஞ்சுவது. அதே பொழுதில் மேலும் தெளிவான படம் எடுக்கலாம். அதே தெளிவோடு பொழுதைக் குறைக்கலாம். அன்றிக் கதிர்மருந்தைக் குறைக்கலாம். மூன்றும் ஒரே முதலின் மூன்று செலவு. விளம்பரத் தாள்களில் முதலாவதே முன்னிற்கிறது. இரு படங்களை அருகருகே வைத்துக் காட்டினால் கண்ணைக் கவரும் அன்றோ? பொழுது குறைந்ததைப் படத்திற் காட்ட இயலாது. அது படுத்துக் கிடந்தவர்க்கே தெரியும். கதிரளவு குறைந்ததோ அவருக்கும் தெரியாது. முன்னாளில் வழங்கிய 370 மெகாபெக்கரல் அளவு வளர்ந்தவர்க்கு 7 மில்லிசீவர்ட் வரை கதிரேற்றம் தரும். அது முதியவர்க்குப் பெரும் அச்சமன்று; நிணநீர்ப் புற்றுக்கு மருந்துண்டு பிழைத்து, மீண்டும் மீண்டும் படமெடுக்கப்படும் சிறுவர்க்கு அவ்வாறு கூறல் இயலாது. ஆகவே சிறுவர்க்குக் கதிர்மருந்தையும், முதியவர்க்குப் பொழுதையும் முதலிற் குறைத்தல் வேண்டுமென்பதே எம் துணிபு. மூன்று மில்லிமீட்டர்ப் புள்ளியைத் தேடவேண்டிய நோயாளிக்குத் தெளிவைக் கூட்டுவதை யாம் மறுக்கவில்லை. ஆனால் எல்லார்க்கும் ஒரே பங்கீடு என்று, பொறி செய்தவர் அமைத்தபடியே விட்டுவிடுதலை மறுக்கிறோம். இப்பங்கீட்டைத் துணியும்போது பொறியிற் கிடப்பவரையும் ஒரு சொல் கேட்கலாம். அவரே அசைபவர், அவர் அசைந்தால் இருநூறு பிக்கோ நொடி நுட்பமும் ஏழு இரவு உறக்கமும் ஒருங்கே கெடும்.

விடுமுறையில் ஊர் சென்றபோது இவற்றையெல்லாம் எம் அத்தையார்க்கு உரைத்தோம். படித்துறை உவமை அவருக்குப் பிடித்திருந்தது. செரங்கோவ் ஒளியைப் பொறுமையாகக் கேட்டார். பிக்கோ நொடிக்குத் தமிழ்ப்பெயர் இல்லையா என்று கேட்டு எம்மை நாணச்செய்தார். பழைய கீழ்வாய் எண்ணிற் கீழ்முந்திரி வரை தேடியும் ஒன்றை 1,02,400 பங்காக்கியதற்கு அப்பாற் செல்ல முடியவில்லை என்றோம். பின்னர் அவர், “நான் கிடந்த பொறிக்கு எவ்வளவு?” என்றார். அப்பொறியின் விளக்கத்தாளிற் கண்டிருந்தபடி, நானூற்றுக்குச் சற்றுக் குறைவு என்றோம்.

“அது இருநூறானால்?”

“பத்து நிமிடம், அத்தை.”

சற்று நேரம் மனத்துள் ஏதோ எண்ணினார். பின்னர், “பத்து நிமிடமானால் புரளமாட்டேன், தம்பி. அடுத்த பங்குனியில் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் வருமா என்று உன் சிநேகிதனிடம் கேட்டு எழுது” என்றார்.